தூண்டல் மோட்டார் டிரைவ்களில் மின்னோட்டக் கட்டுப்பாடு: உகந்தது எது?

அணிற்கூண்டு ரோட்டர் கொண்ட மும்முனைத் தூண்டல் மோட்டாரில் வெளியிலிருந்து கம்பி இணைக்க முடிகிற இடம் ஒன்றே: ஸ்டேட்டர் சுருள்களின் மூன்று முனைகள். ரோட்டருக்குள் ஓடும் மின்னோட்டத்தைத் தொட முடியாது. எளிதில் அளக்கவும் முடியாது. காந்தப்பாயம், தண்டைச் சுழற்றும் முறுக்குவிசை இரண்டும் அந்த மூன்று முனைகளில் புகும் மின்னோட்டத்திலிருந்துதான் பிறந்தாக வேண்டும். நேர்மின் மோட்டாரில் பாயத்துக்கு ஒரு சுருள், முறுக்குக்கு ஒரு சுருள் என்று தனித்தனியே உண்டு. கம்யூட்டேட்டரும் பிரஷ்ஷும் சேர்ந்து இரண்டையும் எப்போதும் செங்குத்தாக நிறுத்தி வைக்கும். தூண்டல் மோட்டாரில் அந்த வேலையைக் கணக்குதான் செய்ய வேண்டும். மின்னோட்டக் கட்டுப்பாடு என்று இன்று அழைக்கப்படும் துறை இந்தத் தேவையிலிருந்து வளர்ந்தது.

லைனில் நேராகப் போட்டால் இந்த மோட்டாருக்குக் கட்டுப்பாடே தேவையில்லை. நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1500 சுற்று என்ற ஒத்தியங்கு வேகத்தைத் துரத்தி, பளு ஏறியதும் 1440 அளவில் நின்றுவிடும். அந்த இடைவெளியே நழுவல். புறப்படும்போது முழுப்பளு மின்னோட்டத்தைப்போல் ஆறேழு மடங்கு இழுக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. புறப்பாட்டு முறுக்குவிசையும் அதே அளவு குறைகிறது. வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் அதிர்வெண்ணை மாற்ற வேண்டும். அதிர்வெண் குறையும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் காந்தப்பாயம் நிலையாக இருக்கும். சந்தையில் கிடைக்கும் சாதாரண டிரைவ்கள் இந்த விகித முறையில்தான் ஓடுகின்றன. இம்முறையில் மின்னோட்டம் யாரும் கேட்டுப் பெறுவதல்ல. அழுத்தமும் பளுவும் சேர்ந்து தருவது. விசிறிக்கும் பம்புக்கும் இது போதும். லிஃப்ட், கிரேன், உருட்டாலை, மின்ரயில் ஆகியவற்றுக்குப் போதாது. அங்கே முறுக்குவிசை கேட்ட கணத்தில் கிடைக்க வேண்டும். கேட்ட அளவுக்கு மேல் போகவும் கூடாது.

உலகின் மின்சாரத்தில் ஏறத்தாழ 45 விழுக்காடு மின்மோட்டார்களால் இயங்கும் அமைப்புகளில் செலவாகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. அந்த மோட்டார்களில் பெரும்பாலானவை தூண்டல் மோட்டார்கள். ஆகவே மின்னோட்டத்தை எப்படிச் செலுத்துவது என்பது ஆய்வுக்கூடக் கேள்வி மட்டுமன்று.

மாற்றியும் அதன் எல்லையும்

தொழிற்சாலை டிரைவின் மின்சுற்று மூன்று பகுதிகள் கொண்டது. முதலில் ஆறு டையோடுகள் 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தைச் சுமார் 560 வோல்ட் நேர்மின்சாரமாக்கும். ஒரு மின்தேக்கி அதைத் தாங்கிப் பிடிக்கும். பிறகு இன்வெர்ட்டரின் ஆறு சுவிட்சுகள் அதை வெட்டி மோட்டாருக்கு அனுப்பும். ஒவ்வொரு முனையும் நேர்மின் பட்டையின் மேல்புறத்திலோ கீழ்ப்புறத்திலோ ஒட்டிக்கொண்டிருக்கும், நடுநிலை கிடையாது. மூன்று முனைகளுக்கும் சேர்த்து எட்டு நிலைகள். அவற்றில் இரண்டில் மூன்று முனைகளும் ஒரே பக்கம் இருப்பதால் மோட்டாருக்குக் கிடைக்கும் அழுத்தம் சுழி. ஆக, இன்வெர்ட்டரால் தர முடிவது ஏழே ஏழு வெவ்வேறு அழுத்தங்கள். மின்னோட்டக் கட்டுப்பாட்டின் எந்த முறையாக இருந்தாலும், கடைசியில் இந்த ஏழில் எதை, எத்தனை மைக்ரோநொடி என்ற முடிவுக்குத்தான் வந்து சேரும்.

சுவிட்சின் வரலாறே டிரைவின் வரலாறு. 1957இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் உருவானது. அதை மூட்டலாம், தானாக அணைக்க முடியாது, அணைக்கத் தனிச்சுற்று வேண்டும். சைன் அலையை முக்கோண அலையோடு ஒப்பிட்டுத் துடிப்புகளின் அகலத்தை மாற்றும் பண்பேற்ற முறையை மோட்டார் டிரைவுக்கு ஷோனுங், ஸ்டெம்லர் இருவரும் 1964இல் முன்வைத்தபோது, அதற்கு ஈடுகொடுக்கும் வேகமான சுவிட்ச் இல்லை. அந்த இடத்தை நிரப்பியது 1980களில் வந்த ஐ.ஜி.பி.டி. அதை உருவாக்கியதில் முதன்மையானவர் பி. ஜெயந்த் பாலிகா, சென்னையில் பிறந்து, 1969இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். இன்று சிறிய டிரைவ் ஒன்றின் ஐ.ஜி.பி.டி. நொடிக்கு 2,000 முதல் 16,000 முறை வரை மூடித் திறக்கிறது.

560 வோல்ட் இருந்தாலும் அத்தனையும் பயன்படாது. சைன்-முக்கோண ஒப்பீட்டில் மோட்டாருக்குக் கிடைக்கும் அதிகபட்ச லைன் அழுத்தம் (ஆர்.எம்.எஸ். அளவில்) சுமார் 343 வோல்ட். 1980களில் பரவிய வெளித்திசையன் பண்பேற்றம், மூன்று முனைகளுக்கும் பொதுவான ஓர் அழுத்தத்தைச் சேர்த்து, அதை 396 வோல்ட்டாக்குகிறது, 15.5 விழுக்காடு கூடுதல். பொதுவான அழுத்தம் மூன்று முனைகளிலும் ஒன்றாகவே ஏறி இறங்குவதால் மோட்டார் அதை உணர்வதில்லை. ஒரு சுற்றுக்கு ஆறே படிகள் என்று சதுர அலையாக ஓட்டினால் 437 வோல்ட் வரை போகலாம். அப்போது அழுத்தத்தின் அளவை மாற்றும் வாய்ப்பே போய்விடும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எப்போதும் கையில் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்க வேண்டும் என்ற விதி இங்கிருந்து வருகிறது. அதை மறந்த வடிவமைப்பு உயர்வேகத்தில் கட்டாயம் தடுமாறும்.

சுழலும் அச்சு

மூன்று முனைகளின் மின்னோட்டத்தை ஒரே திசையனாகப் பார்க்கும் முறையை ஹங்கேரியின் கோவாச், ராட்ஸ் ஆகியோர் 1959இல் நூலாக்கினர். சுழலும் அச்சிலிருந்து மின்பொறியைப் பார்க்கும் எண்ணம் அதற்கும் முந்தையது. பார்க் 1929இல் ஒத்தியங்கு பொறிகளுக்காக அதை எழுதினார். இவ்விரண்டையும் தூண்டல் மோட்டாரின் கட்டுப்பாட்டுக்குத் திருப்பியவர்கள் இரண்டு ஜெர்மானியர்கள். டார்ம்ஸ்டாட்டில் ஹாஸே 1960களின் இறுதியிலும், சீமென்ஸ் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே 1970களின் தொடக்கத்திலும் இதைச் செய்தனர். பாயத்திசைக் கட்டுப்பாடு என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

கருத்து எளியது. ரோட்டரின் காந்தப்பாயம் எந்தத் திசையில் நிற்கிறதோ அதை ஓர் அச்சாகக் கொள்ள வேண்டும். ஸ்டேட்டர் மின்னோட்டத்தில் அந்த அச்சின் வழியே விழும் கூறு பாயத்தை உண்டாக்கும். அதற்குச் செங்குத்தான கூறு முறுக்குவிசையைத் தரும். முதலாவது மந்தமானது. 7.5 கிலோவாட் மோட்டாரில் பாயம் ஏறி இறங்க நொடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு ஆகும். இரண்டாவது உடனடியானது, மின்னோட்டம் மாறினால் முறுக்கும் அப்போதே மாறும். அந்த அச்சோடு சேர்ந்து சுழலும் ஒருவருக்கு 50 ஹெர்ட்ஸ் அலைகள் அலையாகத் தெரியாது. இரண்டு நிலையான எண்களாகத் தெரியும். தூண்டல் மோட்டார் அவர் கண்ணுக்கு நேர்மின் மோட்டாராகிவிடுகிறது.

பாயத்தின் திசையை அறிவதுதான் கடினம். பிளாஷ்கே அளந்தறிய முயன்றார். காற்றிடைவெளியில் உணரிகளைப் பொருத்துவது தொழிற்சாலைக்கு ஒத்துவரவில்லை. ஹாஸே நழுவலைக் கணக்கிட்டுச் சேர்க்கும் வழியைக் காட்டினார். முறுக்குக் கூற்றைப் பாயக் கூற்றாலும் ரோட்டரின் கால மாறிலியாலும் வகுத்தால் நழுவல் அதிர்வெண் கிடைக்கும். தண்டின் வேகத்தோடு அதைக் கூட்டினால் பாயத்தின் வேகம். அதைத் தொகையிட்டால் திசை. கணக்கு மிக எளிது. ஆனால் ரோட்டரின் மின்தடையைச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், அது வெப்பத்தோடு மாறும். அந்தச் சிக்கல் பின்னால் வரும்.

இந்தக் கணக்குகளை நிகழ்நேரத்தில் போட 1970களின் மின்னணுச் சுற்றுகள் திணறின. பிரவுன்ஷ்வைக்கில் வெர்னர் லேயோன்ஹார்டின் குழு 1980இல் நுண்செயலியைக் கொண்டு பாயத்திசைக் கட்டுப்பாட்டைச் செய்து காட்டியது. 1990களில் மோட்டாருக்கென்றே வடிவமைத்த சில்லுகள் வந்ததும் அது சாதாரணப் பொருளாகிவிட்டது.

மின்னோட்ட வளையம்: நான்கு வழிகள்

எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று தெரிந்தபின், அதை மோட்டாருக்குள் செலுத்துவது மின்னோட்ட வளையத்தின் வேலை. இதற்கான வழிகள் பல பெயர்களில் வந்தாலும் அடிப்படையில் நான்குதான்.

முதலாவது தயக்கப் பட்டை முறை. வேண்டிய மின்னோட்டத்தின் இருபுறமும் ஒரு குறுகிய பட்டை வரையப்படும். உண்மை மின்னோட்டம் மேல் விளிம்பைத் தொட்டால் கீழ்ச் சுவிட்ச் மூடும். கீழ் விளிம்பைத் தொட்டால் மேல் சுவிட்ச் மூடும். மோட்டாரின் அளவுருக்கள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. மூன்று ஒப்பீட்டுச் சுற்றுகள் போதும். இதைவிட விரைவான எதிர்வினையும் கிடையாது. விலை வேறு இடத்தில் கொடுக்கப்படுகிறது. சுவிட்ச்சிங் அதிர்வெண் மோட்டாரின் எதிர் அழுத்தத்தைப் பொறுத்து நிலையின்றி அலையும். சுவிட்சின் சூட்டை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேலும், மோட்டாரின் நடுப்புள்ளி எங்கும் இணைக்கப்படாததால் ஒரு முனையின் மின்னோட்டம் மற்ற இரு முனைகளின் சுவிட்சுகளுக்கும் கட்டுப்பட்டது. அதனால் பிழை பட்டையைத் தாண்டி அதன் இரு மடங்கு வரை போகும் என்று பிராட், நோவோட்னி இருவரும் 1985இல் காட்டினர். வெளிப்பார்வைக்குத் துல்லியமாகத் தோன்றும் இந்த முறை, தான் வாக்களித்த பட்டைக்குள்ளேயே நிற்பதில்லை என்பது வேடிக்கை.

இரண்டாவது, அசையாத அச்சில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு விகித-தொகையீட்டுக் கட்டுப்படுத்தி. தமிழகத் தொழிற்கூடங்களில் இதைப் பி.ஐ. என்றே சொல்வார்கள். இங்கே கட்டுப்படுத்தி துரத்துவது ஓயாமல் மாறும் அலையை. தொகையீட்டுப் பகுதி நிலையான பிழையைத்தான் சுழியாக்கும். அலையைத் துரத்தும்போது எப்போதும் சற்றுப் பின்தங்கும். வேகம் கூடக் கூடப் பின்தங்கலும் கூடும்.

மூன்றாவது அதே பி.ஐ.யைச் சுழலும் அச்சில் வைப்பது. ரோவன், கெர்க்மன் இருவரும் 1986இல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு இதுவே தொழிலின் பொது வழக்கமாயிற்று. அலைகள் நிலையான எண்களாகிவிடுவதால் பிழை சுழியாகிறது. இன்று விற்கும் பாயத்திசை டிரைவ்களில் மிகப் பெரும்பாலானவை இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே இதன் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும்.

7.5 கிலோவாட், 415 வோல்ட் மோட்டாரின் முழுப்பளு மின்னோட்டம் சுமார் 14.5 ஆம்பியர், உச்சம் 20. சுவிட்ச்சிங்குக்கு எதிர்நிற்பது மோட்டாரின் மொத்தத் தூண்டல் அல்ல, கசிவுத் தூண்டல் மட்டுமே. இந்த அளவு மோட்டாரில் அது ஏறத்தாழ 10 மில்லிஹென்றி. எதிர் அழுத்தத்துக்கு மேல் 100 வோல்ட் கூடுதலாக விழுந்தால் மின்னோட்டம் மில்லிநொடிக்கு 10 ஆம்பியர் வீதம் ஏறும். கட்டுப்பாடு இரண்டு, மூன்று மில்லிநொடி கண்ணயர்ந்தால் டிரைவ் மிகைமின்னோட்டத்தில் டிரிப் ஆகிவிடும்.

நொடிக்கு 10,000 முறை மாதிரி எடுக்கும் டிரைவில், அளந்து, கணக்கிட்டு, அழுத்தமாக வெளியேற்ற ஒன்றரை மாதிரிக் காலம், அதாவது 150 மைக்ரோநொடி தாமதம் ஆகும். கட்டுப்படுத்தியின் தொகையீட்டுக் காலத்தை மோட்டாரின் கசிவுத் தூண்டலுக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமாக வைத்தால், மோட்டாரின் மந்தம் கணக்கிலிருந்து நீங்கிவிடும். மிஞ்சுவது தாமதம் மட்டுமே. வளையத்தின் குறுக்குவெட்டு அதிர்வெண்ணை 500 ஹெர்ட்ஸில் வைத்தால் அந்தத் தாமதம் 27 பாகை கட்ட இழப்பைத் தருகிறது; ஊசலாடாமல் காக்கும் கட்டக் கையிருப்பு 63 பாகை. வளையம் அமைதியாக இருக்கும். ஆசைப்பட்டு 1,000 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் இழப்பு 54 பாகையாகிக் கையிருப்பு 36 பாகைக்கு இறங்கும். மின்னோட்டம் இலக்கைத் தாண்டிக் குதித்து ஊசலாடத் தொடங்கும். 500 ஹெர்ட்ஸுக்கான விகிதப் பெருக்கம் ஓர் ஆம்பியர் பிழைக்கு 31 வோல்ட். இந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு பெருக்கல் போதும். வேறெந்த மாயமும் தேவையில்லை. ஹார்னெஃபோர்ஸ், நீ இருவரும் 1998இல் இதை உள்மாதிரிக் கட்டுப்பாடு என்ற பெயரில் ஒழுங்குபடுத்தினர்.

இதோடு மூன்று சில்லறை வேலைகள் உண்டு, மூன்றும் சில்லறையல்ல. சுழலும் அச்சில் ஒரு கூறின் மாற்றம் மற்றொன்றைக் குலைக்கும். மேற்சொன்ன மோட்டாரில் முழுவேகத்தில், முழுப்பளுவில் அந்தக் குறுக்கீடு 63 வோல்ட் வரை வரும். அதை முன்கூட்டிச் சேர்த்துவிட வேண்டும். அழுத்தம் எல்லையைத் தொட்டபின் தொகையீடு வீங்கிக்கொண்டே போகாமல் நிறுத்த வேண்டும். மின்னோட்டத்தை அளக்கும் கணம் முக்கோண அலையின் உச்சியோடு பொருந்த வேண்டும். அப்போது சுவிட்ச்சிங் அலைகள் தாமாகவே விலகிச் சராசரி மட்டும் கிடைக்கும். அளவீட்டுக்கு மூன்று உணரிகள் தேவையில்லை; மூன்று மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை சுழி என்பதால் இரண்டு போதும்.

நான்காவது வழி முன்கணிப்பு. மோட்டாரின் சமன்பாடு தெரியும். ஏழு அழுத்தங்களும் தெரியும். ஒவ்வொன்றையும் கொடுத்தால் அடுத்த கணத்தில் மின்னோட்டம் எங்கே போகும் என்று கணக்கிட்டு, சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். ஹோல்ட்ஸ், ஸ்டாட்ஃபெல்ட் இருவரும் 1983இல் இதன் தொடக்க வடிவத்தை வெளியிட்டனர். சிலி நாட்டின் ஹோசே ரோட்ரிகெஸும் உடனாய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட கட்டுரை இதை மிக எளிய வடிவில் தந்து, உலகெங்கும் ஆய்வாளர்களை இழுத்தது. பண்பேற்றி வேண்டாம், பி.ஐ. வேண்டாம், ஒரு விலைக்கணக்கு மட்டும் போதும். மின்னோட்டப் பிழைக்கு இவ்வளவு எடை, சுவிட்ச் மாறுவதற்கு இவ்வளவு எடை என்று அதில் எதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மின்னோட்டத்தைத் தொடாமலேயே முறுக்கைப் பிடிக்கும் வழியும் உண்டு. தகாஹாஷி, நோகுச்சி இருவரும் 1986இலும், போஹும் பல்கலைக்கழகத்தின் டெப்பென்பிராக் அதே காலத்திலும் தந்த நேரடி முறுக்குக் கட்டுப்பாடு பாயத்தையும் முறுக்கையும் நேராகப் பட்டைக்குள் வைக்கிறது. ஏ.பி.பி. நிறுவனம் 1990களின் நடுவில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதிலும் மின்னோட்ட எல்லையைத் தனியே காவல் காக்க வேண்டியிருக்கிறது என்பதால், அது மின்னோட்டக் கேள்வியிலிருந்து தப்பிக்கவில்லை. அதைக் கொல்லைப்புறம் வழியாக உள்ளே விட்டது.

எதற்கு உகந்தது?

உகந்த கட்டுப்பாடு என்ற சொல் ஆய்வேடுகளில் தாராளமாகப் புழங்குகிறது. எதற்கு உகந்தது என்று சொல்லாதவரை அதற்குப் பொருளில்லை. விரைவான எதிர்வினை, குறைந்த அலைவு, சுவிட்சில் குறைந்த இழப்பு, மோட்டாரில் குறைந்த இழப்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இழுபடும். ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவும்.

சுவிட்ச்சிங்கும் அலைவும் நேரடி எதிரிகள். அதிர்வெண்ணை இரட்டித்தால் மின்னோட்ட அலைவு பாதியாகும். சுவிட்ச்சிங் இழப்பு இரட்டிக்கும். இதில் ஒரு நல்ல சமரசத்தை டெப்பென்பிராக் 1977இல் தந்தார். பொதுவான அழுத்தத்தைத் தக்கபடி சேர்த்தால், எந்த நேரத்திலும் மூன்றில் ஒரு முனை சுவிட்ச் ஆகாமல் நேர்மின் பட்டையோடு ஒட்டி ஓய்வெடுக்கும். சுவிட்ச்சிங் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறையும். ஓய்வெடுக்கும் முனை மின்னோட்டம் உச்சத்தில் உள்ள முனையாக இருந்தால் இழப்பு அதைவிடக் குறையும்.

பெரிய டிரைவ்களில் கணக்கு வேறு. மெகாவாட் அளவு, ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் என்று போகும்போது ஒவ்வொரு சுவிட்சும் நொடிக்குச் சில நூறு முறைதான் மூடித் திறக்க முடியும். ஒவ்வொரு முனைக்கும் நடுநிலையையும் சேர்த்து நபே, தகாஹாஷி, அகாகி மூவரும் 1981இல் தந்த மூன்றுநிலை இன்வெர்ட்டர் இங்கே உதவுகிறது. ஒரு சுற்றின் கால்பகுதியில் ஐந்து கோணங்கள் மட்டுமே கிடைத்தால், சுவிட்ச் நொடிக்கு 250 முறை இயங்கும். அந்த ஐந்து கோணங்களை எங்கே வைப்பது? 1973இல் பட்டேல், ஹாஃப்ட் இருவரும் குறிப்பிட்ட சீரிசைகள் (ஹார்மோனிக்ஸ்) அறவே நீங்கும்படி கோணங்களைக் கண்டனர். 1977இல் பூஜா, இந்த்ரி இருவரும், சிலவற்றை நீக்குவதைவிட மின்னோட்டத்தின் மொத்தச் சிதைவைக் குறைப்பதே மோட்டாருக்கு நல்லது என்று காட்டினர். பின்னவர்களின் வாதமே சரி: நீக்கிய சீரிசையின் ஆற்றல் பக்கத்துச் சீரிசைக்குத் தாவும், மோட்டாரின் சூடு கூட்டுத்தொகையைத்தான் பார்க்கும். இத்தகைய கோணங்கள் முன்கூட்டிக் கணக்கிட்டு அட்டவணையில் வைக்கப்படுகின்றன. ஓடும்போது வேகமாக மாறும் பளுவோடு அந்த அட்டவணையை ஒத்துப்போகச் செய்வது நீண்ட காலம் சிக்கலாகவே இருந்தது.

முன்கணிப்பு முறை தன் இடத்தை உண்மையில் ஈட்டியது இங்கேதான். ஒரே ஒரு படி முன்னோக்கிப் பார்க்கும் முன்கணிப்பு, சிறிய டிரைவில் நல்ல பி.ஐ.யையும் வெளித்திசையன் பண்பேற்றத்தையும் பெரிதாக வெல்வதில்லை. அதன் சுவிட்ச்சிங் அதிர்வெண் நிலையாக இராது. சீரிசைகள் பரவலாகச் சிதறும். பல படிகள் முன்னோக்கிப் பார்த்தால்தான் பலன் தெரியும். ஆனால் மூன்றுநிலை இன்வெர்ட்டருக்கு 27 நிலைகள். ஐந்து படி முன்னோக்கினால் பார்க்க வேண்டிய வரிசைகள் 1,43,48,907. சில மைக்ரோநொடிகளில் இத்தனையையும் எண்ணிப் பார்க்க எந்தச் சில்லாலும் ஆகாது. டோபியாஸ் கெயரும் டேனியல் கெவேடோவும் கோளத் தேடல் என்ற எண்கணித உத்தியைக் கொண்டுவந்து, பெரும்பாலான வரிசைகளைத் தொடாமலேயே ஒதுக்கினர். அட்டவணைக் கோணங்களையும் முன்கணிப்பையும் இணைக்கும் முறைகளும் உருவாயின.

மின்ரயில் இவ்விரு உலகங்களுக்கும் நடுவில் இருக்கிறது. இந்திய ரயில்வேயின் டபிள்யூ.ஏ.பி.-7, டபிள்யூ.ஏ.ஜி.-9 எஞ்சின்கள் மும்முனைத் தூண்டல் மோட்டார்களால் ஓடுகின்றன, முதலில் ஜி.டி.ஓ. என்ற, வாயில்வழி அணைக்கத்தக்க தைரிஸ்டர் சுவிட்சுகளோடு வந்து, பிறகு ஐ.ஜி.பி.டி.க்கு மாறின. இத்தகைய எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் துடிப்புகள் நிறைய. வேகம் ஏற ஏற ஒரு சுற்றுக்கான துடிப்புகள் படிப்படியாகக் குறைந்து, கடைசியில் சதுர அலை. புறப்படும் எஞ்சினின் ஒலி படிப்படியாகச் சுருதி மாறுவதைப் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு சுருதி மாற்றமும் ஒரு துடிப்புமுறையிலிருந்து அடுத்ததற்குத் தாவும் கணம். அந்தக் கணத்தில் மின்னோட்டம் குதிக்காமல் பார்த்துக்கொள்வது வடிவமைப்பாளரின் திறமை.

மோட்டாரின் இழப்பைக் குறைப்பது தனிக் கேள்வி. முறுக்குவிசை பாயக் கூறு, முறுக்குக் கூறு இரண்டின் பெருக்கல். பெருக்கல் மாறாமல் கூறுகளை மாற்றலாம். குறைந்த மின்னோட்டத்தில் அதிக முறுக்கு வேண்டுமானால் இரண்டும் சமமாக வேண்டும். குறைந்த இழப்பு வேண்டுமானால், பாயத்தோடு சேர்ந்த இழப்பும் முறுக்கோடு சேர்ந்த இழப்பும் சமமாக வேண்டும். முழுப்பளுவில் இரும்பு தெவிட்டிவிடுவதால் இந்த விதிகளுக்கு இடமில்லை. பளு குறைவாக உள்ளபோது முழுப் பாயத்தை வைத்திருப்பது வீண், குறைக்கலாம். கிர்ஷன், நோவோட்னி, லிப்போ மூவரும் 1985இல், பாயத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, உள்ளே வரும் திறன் குறைகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேடும் முறையைத் தந்தனர். இதற்கு விலை உண்டு: பாயம் குறைந்த மோட்டாரின்மேல் திடீரென்று பளு விழுந்தால், பாயம் மீண்டும் ஏறும்வரை வேகம் தொய்யும். பம்புக்குப் பரவாயில்லை, லிஃப்டுக்கு ஆகாது. பம்பைப் பொறுத்தவரையும் ஓர் அளவு உணர்வு வேண்டும். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தாலே மையவிலக்கு பம்பின் திறன்தேவை ஏறத்தாழ பாதியாகிவிடும்; பாயத்தைத் திருத்திப் பெறும் சேமிப்பு அதற்கு முன்னால் சிறியது.

கணக்குக்கும் கம்பிக்கும் இடையே

காகிதத்தில் உகந்த கட்டுப்பாடு டிரைவுக்குள் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை.

ஒன்று, இடைநேரம். ஒரே முனையின் மேல், கீழ் சுவிட்சுகள் ஒருசேர மூடினால் நேர்மின் பட்டை குறுக்குச்சுற்றாகிவிடும். அதனால் ஒன்று திறந்து மற்றொன்று மூடுவதற்கு நடுவே ஒன்றிரண்டு மைக்ரோநொடி இடைவெளி விடப்படும். 2 மைக்ரோநொடி, 10 கிலோஹெர்ட்ஸ், 560 வோல்ட் என்றால் ஒவ்வொரு முனையிலும் 11 வோல்ட் பிழை. முழுவேகத்தில் இது பொருட்டல்ல. ஒரு ஹெர்ட்ஸில் ஊர்ந்து செல்லும் மோட்டாருக்குத் தேவையான அழுத்தமே அந்த அளவுதான்! மின்னோட்டம் சுழியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பிழையின் திசை புரள்வதால், ஐந்தாம், ஏழாம் சீரிசைகள் எழும். முறுக்கில் ஆறாம் சீரிசை அலைவு தெரியும். மின்னோட்டத்தின் திசையைப் பார்த்து அந்த 11 வோல்ட்டைத் திருப்பிச் சேர்ப்பதே பரிகாரம். மின்னோட்டம் சுழியை ஒட்டி இருக்கும்போது திசையைச் சரியாகச் சொல்வது எளிதல்ல என்பதால் பரிகாரமும் முழுமையாவதில்லை.

இரண்டாவது, மாறும் மோட்டார். ரோட்டர் 80 பாகை செல்சியஸ் சூடேறினால் அதன் மின்தடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும். ஹாஸே வழியிலான நழுவல் கணக்கு பழைய மின்தடையை நம்பிக்கொண்டிருக்கும். நழுவல் தேவையைவிடக் குறைவாகக் கொடுக்கப்படும், அச்சு பிசகும், முறுக்குக்கென்று அனுப்பிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி பாயத்துக்குப் போய்ச் சேரும். மின்னோட்ட வளையம் தன் வேலையைத் துல்லியமாகச் செய்திருக்கும், ஆனால் தவறான அச்சில். எத்தனை விரைவான வளையமும் இதைத் திருத்தாது. ஓடும்போதே ரோட்டர் மின்தடையை மதிப்பிடும் முறைகள் பல வந்துள்ளன. பளு இல்லாதபோது ரோட்டரில் மின்னோட்டமே இல்லாததால் எதையும் மதிப்பிட முடியாது என்பது அவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை.

கட்டுப்படுத்தியின் பெருக்கங்களை மரபணுத் தேடல், துகள் திரள் தேடல், மங்கல் தருக்கம், நரம்பு வலை ஆகியவற்றால் தேடும் ஆய்வேடுகள் இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் நிறைய எழுதப்படுகின்றன. அவற்றில் பலவற்றின் கணினிப் பாவனையில் இடைநேரம் இல்லை, ஒன்றரை மாதிரித் தாமதம் இல்லை, சூடேறும் ரோட்டர் இல்லை. ஒரு பெருக்கலில் கிடைக்கும் எண்ணை ஆயிரம் சுற்றுத் தேடலில் கண்டுபிடிப்பதால் டிரைவ் மேம்படுவதில்லை. பலகுறிக்கோள் கொண்ட இழப்புக் கணக்குகளிலும் துடிப்புக் கோணங்களிலும் இத்தேடல்களுக்கு நியாயமான வேலை உண்டு. அங்கே தேடுவெளி கரடுமுரடானது, நேர்விடை கிடையாது.

சிலிக்கான் கார்பைடு சுவிட்சுகள் இப்போது நொடிக்குப் பல பத்தாயிரம் முறை இயங்குகின்றன. தாமதம் சுருங்குகிறது, மின்னோட்ட அலைவு மங்குகிறது, வளையத்தை விரைவாக்க முடிகிறது. அழுத்தத்தின் விளிம்புகள் செங்குத்தாவதால் நீண்ட கேபிளின் மறுமுனையில் அழுத்தம் எதிரொலித்து இரட்டிப்பதும், பேரிங் வழியே மின்னோட்டம் கசிந்து பந்துகளை அரிப்பதும் கூடவே வருகின்றன. அவற்றுக்கு வடிப்பான் வைத்தால் வடிப்பானின் ஒத்ததிர்வையும் மின்னோட்ட வளையம் சமாளிக்க வேண்டும்.

நடைமுறையில் ஒரு டிரைவின் மின்னோட்டக் கட்டுப்பாடு எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதற்குக் கொடுக்கப்பட்ட மோட்டார் எண்கள்தான். இன்றைய டிரைவ்கள் நிற்கும் மோட்டாரில் சில துடிப்புகளைச் செலுத்தி மின்தடையையும் கசிவுத் தூண்டலையும் தாமே அளந்துகொள்ளும். தண்டை விடுவித்துச் சுழலவிட்டால் காந்தமாக்கும் மின்னோட்டத்தையும் அளக்கும். எரிந்துபோன மோட்டாரை ரீவைண்டிங் கடையில் கொடுத்துப் புதிய சுருள் கட்டினால், சுற்றுகளோ கம்பியின் கனமோ பழையதுபோல் அமையாதபோது இந்த எண்கள் மாறிவிடும். மோட்டாரைத் திரும்பப் பூட்டியதும் அந்தத் தானளவீட்டை மறுபடி ஓட்டுவது சில நிமிட வேலை. பல இடங்களில் அது விட்டுப்போகிறது.